வீட்டுக் காலண்டர் சர்வர்: ரேடிகேலா, பைகாலா, நெக்ஸ்ட்கிளவுடா?

வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு காலண்டர், அதுவும் நம் வீட்டிலேயே ஓடும் சர்வரில் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்துத் திணறுவது எதை நிறுவுவது என்பதில்தான். தேடினால் பத்துப் பதினைந்து பெயர்கள் வரும். வீட்டு அளவுக்குப் பொருந்தி, தொடர்ந்து பராமரிப்பில் இருப்பவை என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் வந்து நிற்கும்: ரேடிகேல், பைகால், நெக்ஸ்ட்கிளவுட்.

போனும் சர்வரும் காலண்டரைப் பரிமாறிக்கொள்ள மூன்றும் கால்டாவ் என்ற ஒரே நெறிமுறையில் பேசுகின்றன. 2007-இல் வெளியான பொதுத் தரம் அது. நிகழ்ச்சிகள் ஐகாலண்டர் என்ற எளிய உரை வடிவில் இருக்கும். அதனால் இன்று ஒன்றை வைத்துவிட்டு அடுத்த ஆண்டு வேறொன்றுக்கு மாறினாலும் பழைய நிகழ்ச்சிகளை எடுத்துச் செல்லலாம், போனில் இருக்கும் ஆப்பும் மாறாது. தப்பாகத் தேர்ந்தெடுத்துவிடுவோமோ என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

பகிரும் விதம். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முடிவைத் தீர்மானிக்கும். வீட்டுத் தேவை பொதுவாக மூன்று வகை. எல்லோரும் எழுதலாம், எல்லோரும் திருத்தலாம் என்ற ஒரே பொதுக் காலண்டர் முதல் வகை. ஒவ்வொருவருக்கும் சொந்தக் காலண்டர், மற்றவர்கள் அதைப் பார்க்க மட்டும் முடியும் என்பது இரண்டாவது. நேரம் நிரம்பியிருக்கிறது என்பது தெரியட்டும், விவரம் தெரிய வேண்டாம் என்பது மூன்றாவது. முதல் வகைக்கு மிகச் சிறிய சர்வரே போதும். மூன்றாவதற்குப் பெரியதுதான் சரிவரும்.

வீட்டில் உள்ள கருவிகள். ஐபோனிலும் மேக்கிலும் கால்டாவ் உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் இல்லை, டாவ்எக்ஸ்5 போன்ற ஆப்பை ஒவ்வொரு போனிலும் போட வேண்டும். தண்டர்பேர்டில் உண்டு. விண்டோஸில் பழைய வகை அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு கால்டாவ் சிங்க்ரனைசர் என்ற தனி இணைப்பு நிரல் தேவை. எந்தச் சர்வரைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வேலை உண்டு.

பிரவுசரில் பார்க்க வேண்டுமா. போனிலேயே எல்லாம் முடிந்துவிடும் வீட்டில் இது தேவையில்லை. அலுவலகக் கணினியில் ஆப் எதையும் போட முடியாத ஒருவர் இருந்தால் இதுவே முதல் தேவையாகிவிடும்.

பழுதானால் யார் மீட்பது, எவ்வளவு நேரத்தில். சர்வரை நிறுவியவர் ஊரில் இல்லாத நாளில்தான் இந்தக் கேள்வி எழும். பேக்கப்பை ஒரே ஃபோல்டராக எடுத்து வைக்க முடிவதும், டேட்டாபேஸ் உட்பட நான்கு இடங்களிலிருந்து சேர்க்க வேண்டியிருப்பதும் ஒன்றல்ல.

## மூன்றுக்கும் பொதுவான செலவு: வெளியிலிருந்து எட்டுவது

நிறுவும் வேலையை விட இங்கேதான் அதிக நேரம் போகும். ஆகவே சர்வரைப் பற்றிப் பேசுமுன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கால்டாவ் ஆப்கள் நிகழ்ச்சிகளைப் போனிலேயே சேமித்து வைத்துக்கொள்கின்றன. வெளியே இருக்கும்போது சர்வர் எட்டாவிட்டாலும் காலண்டர் தெரியும், புதிதாக எழுதலாம். வீட்டு வைஃபையில் நுழைந்ததும் இரு பக்கமும் சரியாகிவிடும். தினமும் மாலை எல்லோரும் வீடு திரும்பும் குடும்பத்துக்கு இதுவே போதும். சர்வரை இணையத்துக்குத் திறந்து வைக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

அது போதாது என்றால் அடுத்த படி விபிஎன். வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் மூலம் போன்களை வீட்டு வலையோடு இணைக்கலாம். இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தால் ரவுட்டரில் போர்ட் திறப்பது பயன்படாது. அப்போதும் டெயில்ஸ்கேல் வேலை செய்யும். பொது இணையத்தில் நேரடியாக வைப்பது கடைசி வழி. பாஸ்வேர்டு ஊகித்துப் பார்க்கும் முயற்சிகள் நாள் முழுக்க வரும் என்று எண்ணியே அமைக்க வேண்டும்.

எந்த வழியானாலும் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வேண்டும். நாமே தயாரித்த சான்றிதழை டாவ்எக்ஸ்5 ஒருமுறை கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளும். ஐபோனில் நம்முடைய மூலச் சான்றிதழை நிறுவி, பிறகு அமைப்புகளில் சான்றிதழ் நம்பிக்கைப் பகுதிக்குப் போய்த் தனியாக இயக்க வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிடுவதால்தான் பலருக்குக் கணக்கு இணையாமல் போகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையின் சான்றிதழை டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் அமைப்பு) பதிவு மூலம் சரிபார்த்து வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. வீட்டுக்குள் மட்டும் எட்டக்கூடிய முகவரிக்கும் அது கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: பொது டிஎன்எஸ் பெயர் ஒன்று உள்வலை ஐபியைப் பதிலாகத் தந்தால் சில ரவுட்டர்கள் அதைத் தாக்குதல் என்று எண்ணித் தடுத்துவிடும். மொபைல் டேட்டாவில் அந்தப் பெயருக்கு ஐபி கிடைத்து, வீட்டு வைஃபையில் கிடைக்காவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். ரவுட்டரில் அந்தப் பெயருக்கு விலக்குக் கொடுக்க வேண்டும்.

சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் ரிவர்ஸ் பிராக்ஸி வைப்பவர்களுக்கு இன்னொன்று. கால்டாவ் வழக்கமான வலைக் கோரிக்கைகளோடு பிராப்ஃபைண்ட், ரிப்போர்ட் போன்ற தனிக் கோரிக்கைகளையும் அனுப்பும். பாதுகாப்பு வடிகட்டி போட்ட பிராக்ஸிகள் இவற்றை மறுத்துவிடும். பிரவுசரில் பக்கம் திறக்கிறது, போனில் மட்டும் கணக்கு சேரவில்லை என்றால் பிராக்ஸியின் பதிவுகளில் 405 (இந்த வகைக் கோரிக்கைக்கு அனுமதியில்லை) என்ற எண்ணைத் தேடுங்கள்.

## ரேடிகேல்

பைதானில் எழுதப்பட்ட சிறிய நிரல். டேட்டாபேஸ் கிடையாது. ஒவ்வொரு காலண்டரும் ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு நிகழ்ச்சியும் அதற்குள் ஓர் உரைக் கோப்பு. சில பத்து எம்பி நினைவகத்தில் ஓடிவிடும் என்பதால் பழைய ராஸ்பெரி பை கூடப் போதும். 5232 என்ற போர்ட்டில் இயங்கும். முகவரியை மாற்றாமல் விட்டால் அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டுமே எட்டும்; நிறுவி முடித்தும் போனில் எதுவும் வரவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

இரண்டாவது பொறி உள்நுழைவு. 3.5-க்கு முந்தைய பதிப்புகளில் அமைப்புக் கோப்பில் எதுவும் எழுதாவிட்டால் எந்தப் பெயர், எந்தப் பாஸ்வேர்டு கொடுத்தாலும் உள்ளே விட்டுவிடும். 3.5 முதல் நிலைமை நேர் எதிர்: நீங்கள் அமைக்கும்வரை யாரையும் விடாது. பழைய வழிகாட்டியைப் பார்த்து நிறுவுபவர்கள் பதிப்பு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு கோப்பை பிகிரிப்ட் என்ற மறையாக்க முறையில் வைத்தால் அதற்கான பைதான் தொகுப்பையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பகிர்வுதான் ரேடிகேலின் கடினமான பக்கம். மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, "வீடு" என்று ஒரு பொதுக் கணக்கை உருவாக்கி, எல்லோர் போனிலும் அதை இரண்டாவது கணக்காகச் சேர்ப்பது. எல்லா ஆப்பிலும் வேலை செய்யும், பழுதாக எதுவும் இல்லை. யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாது என்பது ஒன்றுதான் குறை. பெரும்பாலான வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

இரண்டாவது வழி, உரிமைக் கோப்பு எழுதி ஒருவர் காலண்டரை மற்றவருக்குத் திறந்துவிடுவது. இதில் எழுத்துகளின் அளவுக்குப் பொருள் உண்டு: சிறிய ஆர் காலண்டரைப் படிக்க, பெரிய ஆர் அதற்கு மேலுள்ள யூசர் ஃபோல்டரைப் படிக்க. ஒன்றை விட்டுவிட்டால் காலண்டர் பட்டியலிலேயே வராது. அதோடு, ஐபோன் தன் கணக்குக்குக் கீழே உள்ளதை மட்டுமே தேடும். மற்றவர் ஃபோல்டரில் உள்ளது உரிமை இருந்தாலும் தெரியாது. தண்டர்பேர்டில் காலண்டரின் முழு முகவரியைக் கொடுத்தால் வந்துவிடும்.

மூன்றாவது, சர்வரில் ஒருவர் ஃபோல்டருக்குள் மற்றவர் காலண்டரைச் சுட்டும் சிம்பாலிக் லிங்க் வைப்பது. ஐபோனிலும் தெரியும். ஆனால் பேக்கப் நிரல் அந்த லிங்க்கைப் பின்தொடர்ந்து உள்ளடக்கத்தை நகலெடுத்துவிட்டால், மீட்டெடுத்த பிறகு ஒரே காலண்டர் தொடர்பற்ற இரண்டாகிவிடும். இருவரும் வேறு வேறு நகலில் எழுதிக்கொண்டிருப்பது சில வாரம் கழித்துத்தான் தெரியவரும்.

இவ்வளவையும் மீறி ரேடிகேலை முதலிடத்தில் வைக்கக் காரணம் மீட்பு. ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் பேக்கப் முடிந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஒரு கட்டளையை ஓட்டும் வசதி உண்டு. அதில் கிட் என்ற, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் நிரலை இணைத்தால் ஒவ்வொரு திருத்தமும் வரலாறாகச் சேர்ந்துகொண்டே போகும். குழந்தை கை பட்டு ஒரு நிகழ்ச்சி அழிந்தால், அந்த ஒரு கோப்பை மட்டும் திரும்ப எடுக்கலாம். முழுக் காலண்டரையும் யாரும் நீக்க முடியாதபடி தடுக்கும் அமைப்பும் புதிய பதிப்புகளில் இருக்கிறது. அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இதன் வலைப்பக்கத்தில் காலண்டரை உருவாக்கலாம், கோப்பை ஏற்றலாம், நீக்கலாம். நிகழ்ச்சிகளைப் பார்க்க முடியாது.

## பைகால்

பிஎச்பியில் எழுதப்பட்டது, சாப்ரே டாவ் என்ற நிரல் தொகுப்பின் மேல் நிற்கிறது. எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸில் சேமிக்கும். ஏற்கனவே பிஎச்பி ஓடும் வலை சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இதுவே சுருக்கமான வழி: கோப்புகளை விரித்து, பிரவுசரில் இரண்டு பக்கம் நிரப்பினால் முடிந்தது. யூசர் சேர்ப்பது, காலண்டர் சேர்ப்பது எல்லாம் நிர்வாகத் திரையில். கட்டளை வரி பழகாதவர்களுக்கு ரேடிகேலை விட இது எளிது.

நிறுவும்போது தவறுவது மூன்று இடங்களில். வலை சர்வர் சுட்ட வேண்டியது உள்ளே இருக்கும் எச்டிஎம்எல் ஃபோல்டரை. மேல் ஃபோல்டரைச் சுட்டிவிட்டால் டேட்டாபேஸ் கோப்பையே யாரும் தரவிறக்கலாம் என்ற நிலை வந்துவிடும். அப்பாச்சி என்ற வலை சர்வரும், பிஎச்பியைத் தனிச் செயலாக ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம்மும் சேர்ந்த அமைப்பில் உள்நுழைவுத் தகவல் பிஎச்பிக்குப் போய்ச் சேராமல் பாஸ்வேர்டு மீண்டும் மீண்டும் கேட்கும். அந்தத் தகவலைச் சுமந்து வரும் கோரிக்கைத் தலைப்பைக் கடத்திவிடும் வரி ஒன்றை அப்பாச்சியில் சேர்க்க வேண்டும். பாஸ்வேர்டை நேரடியாக அனுப்பாத டைஜஸ்ட் முறை உள்நுழைவில் தடுமாறும் ஆப் இருந்தால், எச்டிடிபிஎஸ் இருக்கும் பட்சத்தில் அதை நேரடியாக அனுப்பும் பேசிக் முறைக்கு மாற்றிவிடலாம்.

நிர்வாகத் திரையில் காலண்டரை இன்னொருவரோடு பகிரும் வசதி இல்லை. இங்கும் நடைமுறையில் பொதுக் கணக்கு வழிதான். இதே சாப்ரே டாவ் மேல் கட்டப்பட்டு, பகிர்வைத் திரையிலேயே தரும் டேவிஸ் என்ற நிரலும் இருக்கிறது; பைகால் பிடித்து, பகிர்வு மட்டும் குறையாகத் தெரிந்தால் அதைப் பாருங்கள்.

ரேடிகேலின் பழைய பதிப்புகளில் இல்லாத ஒன்று பைகாலில் உண்டு: அழைப்பு. நிகழ்ச்சியில் ஒருவர் மெயில் முகவரியைச் சேர்த்தால் சர்வரே அழைப்பை அனுப்பும். இதன் மறைமுகச் செலவு, அந்தக் கணினியிலிருந்து மெயில் போக வேண்டும் என்பது. வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக அனுப்பும் மெயில் பெரும்பாலும் ஸ்பேமுக்குப் போகும், அல்லது மெயில் போகும் போர்ட் 25 அடைபட்டிருக்கும். வெளி மெயில் சேவை வழியாக அனுப்பும்படி அமைக்க வேண்டும்.

பேக்கப்புக்கு ஸ்பெசிஃபிக், கான்ஃபிக் என்ற இரு ஃபோல்டர்களும் வேண்டும். சர்வர் ஓடும்போதே எஸ்க்யூலைட் கோப்பை வெறுமனே நகலெடுக்காமல், எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அந்தக் கோப்பை வலைவழிப் பகிர்வு ஃபோல்டரில் வைக்கவும் வேண்டாம். பூட்டு முறை அங்கே நம்பகமில்லை.

## நெக்ஸ்ட்கிளவுட்

இதை வெறும் காலண்டருக்காக நிறுவுவது பெரும்பாலும் வீண் சுமை. ஆனால் கோப்பு, போட்டோ, தொடர்பு எண்கள் என்று ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால், காலண்டருக்கு வேறு எதையும் தேட வேண்டாம்.

பகிர்வில் மற்ற இரண்டும் இதன் அருகில் வராது. ஒரு பெயரைத் தட்டச்சு செய்தால் அவருக்குக் காலண்டர் போய்விடும். பார்க்க மட்டுமா, திருத்தவுமா என்பது ஒரு டிக்கில். ஐபோன் உட்பட எல்லாப் போனிலும் அது தானாகத் தோன்றும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனியாக முழு விவரம் காட்டு, நேரம் மட்டும் காட்டு, முழுதும் மறை என்று சொல்ல முடியும். பிரவுசரில் முழுமையான காலண்டர் திரை உண்டு. அழித்த நிகழ்ச்சியும் காலண்டரும் இயல்பாக 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும்.

விலை பராமரிப்பில் வருகிறது. மரியாடிபி அல்லது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், வேகத்துக்கான ரெடிஸ் என்ற தற்காலிக நினைவக நிரல், 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டிய பின்னணி வேலை. பிஎச்பிக்குப் பரிந்துரைக்கப்படும் நினைவகமே ஒரு செயலுக்கு 512 எம்பி. பின்னணி வேலை நின்றுவிட்டால் காலண்டர் ஓடுவதுபோலவே தெரியும், நினைவூட்டல் மெயில் மட்டும் வராது. பெரிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஓராண்டுதான் ஆதரவு, பதிப்புகளைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது. இரண்டு ஆண்டு கவனிக்காமல் விட்டவர் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். நடுவில் பிஎச்பி பதிப்பும் பொருந்தாமல் போகும்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தால் காலண்டர் ஆப்பில் வழக்கமான பாஸ்வேர்டு ஏற்காது. பாதுகாப்புப் பக்கத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஆப் பாஸ்வேர்டு உருவாக்கிக் கொடுங்கள். போன் தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்யலாம் என்பது கூடுதல் நன்மை.

## ஒரே பார்வையில்

| | ரேடிகேல் | பைகால் | நெக்ஸ்ட்கிளவுட் |
|---|---|---|---|
| பகிர்வு | பொதுக் கணக்கு, உரிமைக் கோப்பு, லிங்க் | பொதுக் கணக்கு | திரையிலேயே, நபர்வாரியாக |
| விவரத்தை மறைத்துப் பகிர்தல் | இல்லை | இல்லை | உண்டு |
| பிரவுசரில் நிகழ்ச்சிகள் | இல்லை | இல்லை | உண்டு |
| அழைப்பு மெயில் | புதிய பதிப்புகளில் மட்டும், மெயில் அமைத்தால் | உண்டு, மெயில் அமைத்தால் | உண்டு, மெயில் அமைத்தால் |
| சேமிப்பு | தனித்தனிக் கோப்புகள் | எஸ்க்யூலைட் / மைஎஸ்க்யூஎல் | தனி டேட்டாபேஸ் |
| பேக்கப் | ஒரு ஃபோல்டர் | இரு ஃபோல்டர் | டேட்டாபேஸ், தரவு, அமைப்பு, தனியாகச் சேர்த்த ஆப்கள் |
| அழிந்ததை மீட்க | கிட் இணைத்தால் | பேக்கப்பிலிருந்து மட்டும் | 30 நாள் குப்பைத்தொட்டி |
| பராமரிப்பு | மிகக் குறைவு | குறைவு | தொடர்ந்து |

## யாருக்கு எது

எல்லோரும் சமமாக எழுதும் ஒரே காலண்டர், போனில் மட்டும் பார்ப்பது, சிறிய கணினி: ரேடிகேல், பொதுக் கணக்கோடு. கட்டளை வரியில் சிரமம், அல்லது பிஎச்பி வலை சர்வர் கைவசம், அல்லது வெளியாருக்கு அழைப்பு அனுப்பும் தேவை: பைகால். ஒவ்வொருவருக்கும் தனிக் காலண்டர், அதில் யார் எதைப் பார்ப்பது என்ற கட்டுப்பாடு, பிரவுசர் கட்டாயம்: நெக்ஸ்ட்கிளவுட், அதுவும் மாதம் ஒருமுறையாவது கவனிக்க ஆள் இருந்தால் மட்டும்.

நாஸ் பெட்டி (வீட்டு வலையில் இணைந்த சேமிப்புக் கருவி) வைத்திருப்பவர்கள் இந்த மூன்றுக்கு முன் அதன் சொந்தத் தொகுப்புகளைப் பாருங்கள். சைனாலஜியில் கால்டாவ் பேசும் காலண்டர் தொகுப்பு தயாராகவே கிடைக்கிறது. ஆனால் உங்கள் காலண்டரின் ஆயுள் அந்தப் பெட்டியோடு கட்டுண்டுவிடும். முழுக் காலண்டரையும் கோப்பாக ஏற்றுமதி செய்ய முடிகிறதா என்று முதலிலேயே செய்து பாருங்கள்.

## சர்வர் மேல் பழி விழும், ஆனால் காரணம் போன்

"ஒருவர் எழுதியது மற்றவருக்கு உடனே வரவில்லை" என்பது அடிக்கடி வரும் புகார். வீட்டுச் சர்வரிலிருந்து ஐபோனுக்கு உடனடித் தகவல் போகாது. போன்தான் இடைவெளி விட்டு வந்து கேட்கும். ஐபோனில் அந்த இடைவெளி 'தானாக' என்று இருந்தால், சார்ஜில் இருந்து வைஃபையும் இருக்கும்போதுதான் பின்னணியில் கேட்கும். 15 நிமிடம் என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டில் டாவ்எக்ஸ்5-க்கு பேட்டரி சேமிப்பிலிருந்து விலக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் சில போன்கள் சிங்க்கை நாள்கணக்கில் நிறுத்தி வைத்துவிடும்.

"பழைய நிகழ்ச்சிகள் காணோம்" என்பது அடுத்தது. டாவ்எக்ஸ்5 இயல்பாகக் கடந்த 90 நாட்களை மட்டும் இறக்கும். ஐபோனிலும் காலண்டர் அமைப்பில் இப்படி ஒரு எல்லை உண்டு. சர்வரில் எல்லாம் பத்திரமாகவே இருக்கும்.

மூன்றாவது அலாரம். கால்டாவில் நினைவூட்டல் நிகழ்ச்சியின் உள்ளேயே எழுதப்படுகிறது. பொதுக் காலண்டரில் ஒருவர் காலை 5 மணிக்கு வைத்த அலாரம் வீட்டில் எல்லோர் போனிலும் அடிக்கும். ஐபோனில் காலண்டர்வாரியாக அதை நிறுத்தலாம். சொந்த அலாரம் தேவைப்படும் நிகழ்ச்சிகளுக்கு ஒவ்வொருவருக்கும் தனிக் காலண்டர் ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே நிகழ்ச்சியை இருவர் ஒரே சமயத்தில் திருத்தினால், பிந்தி வந்த திருத்தத்தைச் சர்வர் மறுக்கும். டாவ்எக்ஸ்5 அப்போது சர்வரில் உள்ளதையே எடுத்துக்கொள்ளும். போனில் செய்த திருத்தம் போய்விடும். அரிதாக நடப்பதுதான், ஆனால் வெளியூரில் பல நாள் இணைப்பில்லாமல் இருந்தவருக்கு நடக்கும்.

## மாறும்போது

பழைய சேவையிலிருந்து ஒவ்வொரு காலண்டரையும் தனி ஐசிஎஸ் (ஐகாலண்டர் வடிவ) கோப்பாக எடுங்கள். ரேடிகேலிலும் நெக்ஸ்ட்கிளவுட்டிலும் அதை வலைப்பக்கத்திலேயே ஏற்றலாம். பைகாலின் நிர்வாகத் திரையில் அந்த வசதி இல்லை. தண்டர்பேர்டில் பைகால் காலண்டரை இணைத்து அதற்குள் இறக்குமதி செய்ய வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சியாக அனுப்பும் என்பதால் ஆயிரக்கணக்கில் இருந்தால் பொறுமை தேவை.

ஏற்றியதும் மூன்றைச் சரிபாருங்கள்: ஆண்டுதோறும் வரும் பிறந்தநாள் முழுநாள் நிகழ்ச்சியாகவே இருக்கிறதா, வாராவாரம் வரும் ஒன்றில் நடுவே ஒரு வாரம் மட்டும் மாற்றியது அப்படியே வந்ததா, வேறு நேர மண்டலத்தில் எழுதியது சரியான நேரத்தில் நிற்கிறதா. பிறகு பேக்கப்பை வேறொரு கணினியில் விரித்து, அதில் ஒரு போனை இணைத்துப் பாருங்கள். அது வேலை செய்த பிறகு பழைய கணக்கைப் போன்களிலிருந்து எடுக்கலாம். அதற்கு முன் எடுக்க வேண்டாம்.